அண்ணாந்து பார்க்க வேண்டிய பாலம்

சுவிசுக்கு வருகிற சொந்தக்காரர் எல்லாருக்கும் லுசேர்ன் பார்த்தாக வேண்டும். கனடாவிலிருந்து வந்தாலும் சென்னையிலிருந்து வந்தாலும் பட்டியல் ஒன்றுதான்: ஏரியில் கப்பல், மரப்பாலம், சிங்கம், பிறகு டிட்லிஸ் மலை. அந்த மலையில் ஷாருக் கானும் கஜோலும் அட்டைப் படமாக நிற்கிறார்கள்; அவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுக்காமல் எங்கள் ஆட்கள் கீழே இறங்குவதில்லை. கூட்டிப்போவது என் பொறுப்பு. விருப்பத்தோடுதான் செய்கிறேன். இந்த ஊரை நான் முதலில் பார்த்தது பின்வாசல் வழியாக என்பதால், முன்வாசலால் ஒருவரை அழைத்துப்போவதில் எனக்கு ஒரு நிறைவு இருக்கிறது.

எண்பதுகளில் வந்த எங்களுக்கு ஏரிக்கரை என்றால் ஹோட்டல்களின் நிலவறைச் சமையலறை. கோப்பை கழுவுகிற வேலை. மேலே பிலாட்டஸ் மலையைப் பார்த்தபடி ஆட்கள் சாப்பிட்டு முடித்த தட்டுகள் கீழே எங்களிடம் வரும். அந்த நாட்களில் சில பத்திரிகைகள் எங்களைத் ‘தோல்ஜாக்கெட் தமிழர்’ என்று எழுதின. தஞ்சக் கோரிக்கைக்கு என்ன பதில் வரும், பிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்களா என்று ஏங்கிக்கொண்டிருப்பவனுக்கு ஊர் பார்க்க மனம் வராது. வேலைக்குப் போகிற வழியில்தான் அந்த மரப்பாலம். குளிரில் தலை குனிந்தபடியே கடந்துபோவேன்.

கப்பெல் பாலம் 14ஆம் நூற்றாண்டில் கட்டியது. ஏரியிலிருந்து ராய்ஸ் ஆறு புறப்படும் இடத்தில், 200 மீட்டருக்கு மேல், நேராகப் போகாமல் வளைந்து போகிறது. நடுவில் எண்கோணக் கற்கோபுரம். அது பாலத்தைவிடப் பழையது, ஒரு காலத்தில் சிறைச்சாலையாகவும் இருந்தது. பாலத்தின் உண்மையான செல்வம் தலைக்கு மேலே இருக்கிறது. கூரைச் சட்டங்களுக்கு இடையே முக்கோண மரப்பலகைகள். 17ஆம் நூற்றாண்டில் ஹான்ஸ் ஹைன்ரிஷ் வேக்மன் என்ற ஓவியர் பெரும்பாலும் தீட்டியவை. ஊரின் சரித்திரமும் அதன் காவல் புனிதர்களின் கதையும் பலகை பலகையாகத் தொடரும். பணம் கொடுத்த குடும்பத்தின் சின்னமும் அதில் இருக்கும், எங்கள் கோயில்களில் உபயகாரர் பெயரைப் பொறிப்பதுபோல.

1993 ஆகஸ்ட் 18. நள்ளிரவு தாண்டியிருந்தது. வேலை முடிந்து வெளியே வந்தபோது ஆறு முழுக்கச் செந்நிறம். பாலம் எரிந்துகொண்டிருந்தது. கரையில் நின்ற முதியவர்கள் வாய்விட்டு அழுதார்கள். அந்த அழுகை எனக்குத் தெரிந்த அழுகை. 1981 ஜூன் முதலாம் திகதி விடியும்போது யாழ்ப்பாணத்தில் அதைக் கேட்டவன் நான். 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் இருந்த நூலகம் ஓரிரவில் எரிக்கப்பட்ட விடியல் அது. இங்கே பற்றியது பெரும்பாலும் யாரோ வீசிய சிகரெட்டால் என்று நம்புகிறார்கள். அங்கே நடந்தது திட்டமிட்ட செயல். இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் அன்றிரவுதான் இந்த ஊர் சனத்தை நான் முதன்முதலாக நிமிர்ந்து பார்த்தேன்.

எட்டு மாதம். 1994 ஏப்ரல் 14 அன்று பாலம் திரும்பவும் திறந்தது. யாழ்ப்பாண நூலகம் முழுமையாக மீண்டெழ இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அமைதியும் பணமும் உள்ள நாட்டோடு போரில் கிடந்த ஊரை ஒப்பிடுவது நியாயமில்லை, அது எனக்குத் தெரியும். கட்டிய வேகத்தைவிட, கட்டிய பிறகு லுசேர்ன் செய்ததுதான் என்னைத் தொட்டது. ஓவியங்களில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. கருகிய சில பலகைகளை அப்படியே கொண்டுவந்து தொங்கவிட்டார்கள். வேறு இடங்களில் வெறும் சட்டம்தான். நகல் தீட்டி நிரப்பலாம் என்று ஒரு யோசனை வந்தபோதும் நகரம் ஏற்கவில்லை. தீயும் பாலத்தின் சரித்திரம்தான் என்றது.

டொரன்டோவிலிருந்து வந்த மருமகள் அந்தக் கரிப்பலகைக்குக் கீழே நின்று கேட்டாள்: “மாமா, இது ஏன் எரிஞ்சு கறுத்துப்போய்க் கிடக்கு? புதுசா ஒண்டு கீறிப் போட்டிருக்கலாமே?”

“உனக்கு இப்ப கேக்கத் தோன்றினதே பிள்ளை, அதுக்காகத்தான் விட்டு வச்சிருக்கினம்” என்றேன்.

எங்கள் நூலகத்தின் எரிந்த சுவர்களையும் நினைவாக விட்டுவைக்க வேண்டும் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். இன்று அந்தக் கட்டடம் வெள்ளை வெளேரென்று அழகாக இருக்கிறது. உள்ளே படிக்கிற பிள்ளைகளைப் பார்க்கச் சந்தோஷம்தான். ஆனால் புகை படிந்த ஒரு கல்லாவது வெளியே தெரிந்திருக்க வேண்டும் என்று நான் இன்னமும் நினைக்கிறேன்.

சிங்கத்தையும் விடக் கூடாது. பாறையில் குடைந்த அந்தச் சாகும் சிங்கம், 1792இல் பாரிஸில் பிரெஞ்சு மன்னருக்காக மடிந்த சுவிஸ் காவல் வீரர்களின் நினைவு. பிழைக்க வழியில்லாமல் பிள்ளைகளை வெளிநாட்டுக் கூலிப்படைக்கு அனுப்பிய நாடு இது. இன்று இங்கே ஏறத்தாழ 50,000 தமிழர் இருக்கிறோம். நான் கோப்பை கழுவிய இடத்திலிருந்து கொஞ்சத் தூரத்தில், ஜான் நூவெல் வடிவமைத்து 1998இல் திறந்த கலையரங்கின் கூரை தண்ணீர் பக்கம் நீண்டு நிற்கிறது. என் மகள் முதன்முதலாக ஆர்கெஸ்ட்ரா கேட்டது அங்கேதான்; பள்ளிக்கூடம் கூட்டிப்போனது.

அடுத்து தம்பி குடும்பம் வருகிறது. டிட்லிஸ் இரண்டாம் நாள் போகட்டும் என்று சொல்லிவிட்டேன். முதல் நாள் பாலம். பஸ்களில் கூட்டம் வந்து இறங்குமுன், விடியலிலேயே போக வேண்டும். இரண்டு முனைகளில்தான் தப்பிய ஓவியங்கள் அதிகம். நடுவில் நடக்கும்போது வெறும் சட்டங்களையும் நின்று பார்க்க வேண்டும்.