பில்லிங்ஸ்கேட்: நாஞ்சில் நாட்டு வசவியலுக்கு ஒரு முன்னுரை

ஆங்கிலத்தில் 'பில்லிங்ஸ்கேட்' என்றால் காது கூசும் வசவு. உண்மையில் அது லண்டனில் தேம்ஸ் கரையில் இருந்த மீன் சந்தை. அங்கே மீன் விற்றவர்களின் வாய் அத்தனை பேர்போனதாம். சாமுவேல் ஜான்சன் 1755இல் தம் அகராதியிலேயே இச்சொல்லை ஏற்றிவிட்டார். 1982இல் சந்தை இடம்மாறிப் போயிற்று. வசவு அகராதியிலேயே தங்கிவிட்டது.

நாஞ்சில் நாட்டான் இப்படி ஓர் ஊரைக் காட்டிக்கொடுக்க மாட்டான். தெய்வத்தையும் நோயையும் வைத்தே காரியத்தை முடிப்பான்.

'மூதி'யை எடுத்துக்கொள்வோம். மூதேவியின் சுருக்கம், திருமகளின் அக்காள். திருக்குறள் அவளைத் தவ்வை என்கிறது. பல்லவர் கோயில்களில் அவளுக்குச் சிலையே உண்டு. ஆக, "ஏலே மூதி" என்பது இலக்கணப்படி வழிபாடு. கேட்பவர் அப்படி எடுத்துக்கொள்வதில்லை என்பது வேறு.

'சவம்' இன்னும் ஆழமானது. பஸ் வராவிட்டால் "சவம், இன்னும் வரல்லியே". வந்துவிட்டால் "சவம், நிக்க எடமில்லை". சண்டை முற்றும்போது "சவத்த விடு" என்றால் அது சமாதானம். பிணத்தை முன்வைத்துச் சமாதானம் பேசும் வேறு மொழி உண்டா என்பது மேலாய்வுக்குரியது.

சாபங்களில் இருப்பதோ மருத்துவ வரலாறு. "பேதீல போவான்" காலராக் காலத்தது; "கொள்ளையில போவான்" ஊரையே வாரிக்கொண்டுபோன நோய்களின் மிச்சம். 1980இல் பெரியம்மை ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தும் கொள்ளை ஒழியவில்லை. 2020இல் வந்த கொரோனாவை மட்டும் எந்த வாயிலும் சாபமாக நான் கேட்டதில்லை. சாபம் விட முகக்கவசத்தைக் கழற்ற வேண்டியிருந்தது காரணமாகலாம்.

விளவங்கோட்டுப் பக்கம் வசவுக்கு, மலையாளத்தில் போலவே, 'தெறி' என்று பெயர். 1956 நவம்பர் 1இல் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து நான்கு தாலுகாக்கள் தமிழோடு சேர்ந்தபோது இச்சொல்லும் கூடவே வந்துவிட்டது. 2016இல் விஜய் படத்துக்கு அதையே பெயராக வைத்தார்கள். சென்னையில் அதற்கு 'அபாரம்' என்று பொருள். குழித்துறையில் போஸ்டர் படித்தவனுக்கோ, கெட்ட வார்த்தை, தினமும் நாலு காட்சி.

இனி களஆய்வு. லண்டன்காரர் கருதுகோளைச் சோதிக்க, வாசலுக்கு மீன் கொண்டுவரும் அம்மையிடம் சாளைக்கு வேண்டுமென்றே அடிமாட்டு விலை கேட்டேன். நோட்டும் பேனாவும் தயார். "எனக்குக் கட்டாது மக்ளே. கையில இல்லேன்னா நாளைக்குத் தா" என்று நாலு மீன் கூடுதலாகவே போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார். ஒரு வசவுகூடத் தேறவில்லை. லண்டன் மீன்காரிகளுக்கும் அகராதிக்காரர்கள் அநியாயம் செய்திருப்பார்களோ என்ற ஐயம் அப்போதுதான் எழுந்தது.

தரவு பிறகு அடுக்களையிலிருந்து கிடைத்தது. கழுவி வைத்த சாளையில் இரண்டைப் பூனை தூக்கிக்கொண்டு ஓட, மேற்படி மூதி, சவம், பேதி, கொள்ளை நான்கையும் என் மனைவி ஒரே மூச்சில் பிரயோகித்தாள்; எழுதிக்கொள்ள அவகாசம் தரவில்லை.

பூனை நலம். இன்று காலை மதிலில் உட்கார்ந்து மீனம்மைக்காகக் காத்திருந்தது.