நீர் முதலில், அமிலம் பிறகு

கேள்வி: கர்நாடகத்தின் சந்தாபுரா ஏரி நீரின் காரத்தன்மையை அளக்க 0.01 மோலார் கந்தக அமிலம் வேண்டும். ஆய்வகத்தில் இருப்பதோ அடர் அமிலம். எத்தனை மில்லி எடுப்பது?

பதில்: ஒரு லிட்டருக்கு 0.54 மில்லி என்று கணக்கு சொல்லும். கை அதைச் செய்யாது. மோலாரிட்டி என்பது ஒரு லிட்டர் கரைசலில் (ஒரு லிட்டர் நீரில் அன்று) உள்ள மோல்களின் எண்ணிக்கை. அடர் அமிலத்தின் ஒரு லிட்டர் ஏறத்தாழ 1,840 கிராம் எடையுள்ளது. அதில் 98 விழுக்காடே அமிலம் என்பதால், அந்த 1,803 கிராமை மூலக்கூறு எடையான 98-ஆல் வகுக்க, 18.4 மோலார் கிடைக்கிறது. ஆனால் எண்ணெய்போல் குழைந்த அந்தத் திரவம் பிப்பெட்டின் சுவரில் ஒட்டிக்கொள்வதால், அரை மில்லியில் ஒரு துளி தவறினாலும் பிழை பெரிதாகிவிடும். ஆகவே முதலில் 5.4 மில்லியை ரப்பர் குமிழால் உறிஞ்சி (வாயால் ஒருபோதும் கூடாது) ஒரு லிட்டராக்கி, அந்த 0.1 மோலார் கரைசலில் 100 மில்லியை மீண்டும் ஒரு லிட்டராக்குவதே முறை.

கேள்வி: அமிலத்தில் நீரை ஊற்றினால் என்ன குடி முழுகிவிடும்?

பதில்: கண் போய்விடும். இலேசான நீர் கனத்த அமிலத்தின் மேல் மிதந்தபடியே, கலக்கும் இடத்தில் எழும் வெப்பத்தால் கொதித்து, அமிலத்தையும் வாரி இறைக்கும். மாறாக, முகவையில் காய்ச்சி வடித்த நீரை முதலில் எடுத்துக்கொண்டு, அமிலத்தை அதன் சுவரோரமாகச் சிறுகச் சிறுக விட்டுக் கலக்கினால், எழும் வெப்பத்தை நீரே வாங்கிக்கொள்ளும். கரைசல் நன்கு ஆறிய பிறகே அளவுக் குடுவைக்கு மாற்ற வேண்டும். குடுவையின் கோடு அதன்மீது பொறித்துள்ள 20 அல்லது 27 பாகை செல்சியஸுக்கு மட்டுமே சரியானது.

கேள்வி: ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கும் இதே விதியா?

பதில்: ஆம். 37 விழுக்காட்டு அமிலம் ஏறத்தாழ 12 மோலார். அது புகைவதால் காற்றுறிஞ்சிப் பெட்டிக்குள் வைத்தே திறக்க வேண்டும்.

கேள்வி: கணக்கு சரியென்றால் சீசாவில் 0.01 என்று எழுதி ஒட்டிவிடலாமா?

பதில்: கூடாது. அடர் கந்தக அமிலம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியது. திறந்து மூடிய சீசாவின் செறிவை அதன் பழைய சீட்டு அறியாது. உலர்த்தி எடைபோட்ட சோடியம் கார்பனேட்டின் கரைசலோடு, மெத்தில் ஆரஞ்சு நிறங்காட்டியிட்டுத் தரம்பார்த்து, 0.0098 என்று வந்தால் அதையே தேதியுடன் எழுத வேண்டும். சரியான 0.01 மோலார் அமிலத்தின் ஒரு மில்லி, ஒரு மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்கு ஈடாகும். எனவே 0.0098-ஐ 0.01 என்று கொண்டால், லிட்டருக்கு 294 மில்லிகிராம் காரத்தன்மையுள்ள நீர் 300 என்று பதிவாகும். சந்தாபுரா ஏரியைக் காக்கத் தவறியதற்காகக் கர்நாடக அரசு 500 கோடி ரூபாய் செலுத்த வேண்டுமெனத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022 அக்டோபரில் உத்தரவிட்டது. இத்தகைய நீர்நிலையைப் பற்றி ஆய்வகம் எழுதும் ஒவ்வோர் எண்ணுக்கும் இந்தக் கவனம் உரியது.