தொண்டரா, குண்டரா?

அடுத்தவர் எழுதிக் கொடுத்த பதாகையை ஏந்தி நடந்தால் அந்த மாணவர் தொண்டர். பதாகையைத் தானே எழுதி எடுத்து வந்தால் குண்டர். மாணவர்கள் பொதுநலம் பேசுவதற்கு நம் மாநிலம் வகுத்திருக்கும் விதி இவ்வளவுதான். மிகை என்று நினைப்பவர்கள் 2017ஆம் ஆண்டுச் செய்தித்தாளைப் புரட்டலாம். அதற்கு வருகிறேன். முதலில் தொண்டரைப் பார்த்துவிடுவோம். பாவம், வெயிலில் நிற்கிறார்.

வேலப்பன்சாவடியை அடுத்த நூம்பல். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இந்தப் பக்கம் பார்த்தாலும் கல்லூரி, அந்தப் பக்கம் பார்த்தாலும் கல்லூரி. ஒவ்வொன்றுக்கும் 'விரிவாக்கப் பணி' என்று ஒன்று உண்டு. அதைச் செய்ய ஓர் ஊர் வேண்டும். காலேஜ் பஸ் அதிக தூரம் போக வேண்டாத ஊராக இருந்தால் டீசல் மிச்சம். ஆகவே நூம்பல் போன்ற ஊர்கள் ஆண்டு முழுக்க விழிப்புணர்வு பெற்றுக்கொண்டே இருக்கின்றன. டெங்கு விழிப்புணர்வு, ஹெல்மெட் விழிப்புணர்வு, வாக்காளர் விழிப்புணர்வு, மழைநீர் சேகரிப்பு விழிப்புணர்வு. தூங்க விட மாட்டேன் என்கிறார்கள். இத்தனை விழித்தும், மழை பெய்தால் தெருவில் முழங்கால் தண்ணீர்.

பேரணி காலை பத்து மணிக்கு என்று போட்டிருக்கும். சிறப்பு விருந்தினர் பதினொன்றரைக்கு வருவார். அதுவரை பிள்ளைகள் நிழலில்லாத ரோட்டில் இரண்டு வரிசை. தலையில் வெள்ளைத் தொப்பி, கையில் தெர்மோகோல் அட்டை. வந்தவர் கொடியசைப்பார். போட்டோகிராபர் "சார், இன்னொரு தடவை" என்பார். இன்னொரு தடவை அசைப்பார். ஏ.சி. காரில் ஏறிப் போய்விடுவார். 'நெகிழியை ஒழிப்போம்' என்ற முழக்கத்துக்கு முன்னால் பத்தடி பிளெக்ஸ் பேனர் நடக்கும். பிளெக்ஸைப் பருத்தியிலா நெய்கிறார்கள்? தாகத்துக்குத் தண்ணீர் பாக்கெட். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பதினான்கு வகைப் பிளாஸ்டிக் பொருள்களில் அந்தப் பாக்கெட்டும் ஒன்று. பேரணி எந்தெந்தத் தெரு வழியாகப் போனது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. பாக்கெட்டுகள் சொல்லும்.

பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு 'ஆன் டியூட்டி' வருகைப்பதிவு கிடைக்கும், ஒரு பஃப்ஸ் கிடைக்கும். இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் கணக்குக் காட்டினால் என்.எஸ்.எஸ். என்ற நாட்டு நலப்பணித் திட்டச் சான்றிதழ் கிடைக்கும். 1969இல், காந்தி நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கிய திட்டம் அது. படிக்கிறவர்கள் ஊரைத் தெரிந்துகொள்ளட்டும் என்ற நல்ல எண்ணத்தில் பிறந்தது. இன்று ஊரைத் தெரிந்துகொள்வது கேமரா மட்டும். போட்டோவில் அட்சரேகை, தீர்க்கரேகை விழ வேண்டும். 'ஜியோ டேக்' இல்லாத சேவை சேவையே இல்லை. நாக் என்ற தர மதிப்பீட்டு அமைப்புக்கு ஆதாரம் காட்ட வேண்டுமே! நூம்பல் பூமிப்பந்தில் எங்கே இருக்கிறது என்பது பெங்களூரில் உள்ள நாக் தலைமையகத்துக்கு டிகிரி சுத்தமாகத் தெரியும். நூம்பலில் எந்தத் தெருவில் தண்ணீர் தேங்கும் என்பதைக் கேட்க எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது.

அந்த மதிப்பீட்டின் லட்சணத்தையும் பார்த்தோம். ஆந்திராவில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஏ பிளஸ் பிளஸ் போட லஞ்சம் வாங்கினார்கள் என்று நாக் ஆய்வுக் குழுத் தலைவர் உட்படப் பத்துப் பேரை 2025 பிப்ரவரியில் சி.பி.ஐ. கைது செய்தது. ரொக்கம், தங்கம், செல்போன், லேப்டாப் என்று பட்டியல் போட்டது. வழக்கு நடக்கட்டும், தீர்ப்பு வரட்டும். அதுவரை நம் பிள்ளைகள் தெர்மோகோலோடு வெயிலில் நிற்கட்டும்.

இனி குண்டர்.

2017 ஜூலை, சேலம். பெரியார் பல்கலைக்கழக இதழியல் மாணவி வளர்மதி, நெடுவாசல், கதிராமங்கலம் மக்களின் எண்ணெய், எரிவாயு எதிர்ப்புப் போராட்டத்துக்கு ஆதரவாக ஒரு பெண்கள் கல்லூரி வாசலில் துண்டறிக்கை கொடுத்தார். கைது. அதோடு விட்டார்களா? குண்டர் சட்டம். கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவருக்கும் போதைப்பொருள் விற்கிறவருக்கும் ரவுடிக்கும் என்று 1982இல் கொண்டுவந்த சட்டம் அது. ஓராண்டு வரை ஜாமீன் இல்லாமல் உள்ளே வைக்கலாம். அவர் கொடுத்தது காகிதம். சென்னையில் பஸ் கூரையில் ஏறி ஆடிய 'ரூட்டுத் தல' மாணவர்களை எத்தனை தடவை பெற்றோரை வரவழைத்து, எழுதி வாங்கிக்கொண்டு, புத்திமதி சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்! கூரையில் ஏறினால் தம்பி, துண்டறிக்கை கொடுத்தால் குண்டர். செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. நல்லது. அதற்குள் ஏறக்குறைய இரண்டு மாதம் சிறையில் போயிருந்தது. அந்த நாட்களை யார் கணக்கில் எழுதுவது?

அதே ஆண்டு ஜனவரியில்தான் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடிய இளைஞர்களை எல்லாக் கட்சியும் உச்சி முகர்ந்தது. 17ஆம் தேதி ஆரம்பித்த கூட்டம். குப்பையை அவர்களே பொறுக்கினார்கள், போக்குவரத்தை அவர்களே ஒழுங்கு செய்தார்கள். உலகமே பாராட்டுகிறது என்று தலைவர்கள் பெருமைப்பட்டார்கள். 23ஆம் தேதி விடிந்ததும் லத்தி வந்தது. ஜல்லிக்கட்டுக்குச் சட்டம் கிடைத்தது, போராட மெரினா கிடைக்காமல் போனது. இன்று அந்தக் கடற்கரையில் சிலை வைக்கலாம், சமாதி கட்டலாம். உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்கக் கூடாது. செத்தவருக்கு இருக்கிற இடம் உயிரோடு இருப்பவருக்கு இல்லை.

இது ஏதோ உள்ளூர் போலீஸின் அவசரம் என்று நினைக்க வேண்டாம். மெத்தப் படித்தவர்கள் கதையும் இதுதான். ஐ.ஐ.டி. மெட்ராஸில் 2014இல் மாணவர்கள் சேர்ந்து அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டம் தொடங்கினார்கள். படித்தார்கள், விவாதித்தார்கள், துண்டறிக்கை போட்டார்கள். மறுபடியும் காகிதம்! யாரோ ஒரு புண்ணியவான் டெல்லிக்கு மொட்டைக் கடிதாசி தட்டினார். மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் அதை எடுத்துக்கொண்டு ஐ.ஐ.டி.யிடம் விளக்கம் கேட்டது. 2015 மே மாதம் வட்டத்தின் அங்கீகாரம் பறிபோனது. நம் தாலுகா ஆபீசில் பட்டா மாற்ற மனு கொடுத்துப் பாருங்கள். பெயர், முகவரி, ஆதார், கையெழுத்து, அதற்குமேல் 'கவனிப்பு' எல்லாம் இருந்தும் மனு நகராது. கையெழுத்தே இல்லாத ஒரு கடிதத்துக்கு இந்தத் தேசம் காட்டிய சுறுசுறுப்பை நினைத்தால் இனி எல்லா மனுவையும் மொட்டையாகவே போடலாம் போலிருக்கிறது. நாடு முழுக்க நாறியபின் ஜூன் 7ஆம் தேதி அங்கீகாரத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

அடுத்தது இன்னும் ரசமானது. 2020, கொரோனா காலம். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை வெளியிட்டு, கருத்துச் சொல்லுங்கள் என்று மக்களைக் கேட்டது மத்திய அரசுதான். கேட்டது இங்கிலீஷிலும் இந்தியிலும். மற்ற மொழிகளிலும் வெளியிடு என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னதும், முடியாது என்று உச்ச நீதிமன்றத்துக்கு ஓடியது. வரைவை மொழிபெயர்க்க மனமில்லை, வக்கீல் வைக்க மனம் இருந்தது. இந்த நேரத்தில் 'ஃப்ரைடேஸ் ஃபார் ஃபியூச்சர்' என்ற மாணவர் இயக்கம், கேட்கிறார்களே, சொல்லுங்களேன் என்று மக்களைக் கூப்பிட்டது. மின்னஞ்சல்கள் குவிந்தன. அமைச்சருக்கு ஏகப்பட்ட மின்னஞ்சல் வருகிறது என்று புகார். டெல்லி போலீஸ் நோட்டீஸ் அனுப்பியது. எந்தச் சட்டத்தில்? உபா. பயங்கரவாதிகளுக்கு வைத்திருக்கும் சட்டம். ஊர் கேட்டதும், அந்தப் பிரிவு தவறுதலாகச் சேர்ந்துவிட்டது என்று வாபஸ் வாங்கினார்கள். ரேஷன் கார்டில் ராஜேஸ்வரி ராஜேந்திரன் ஆவது தவறுதல். பள்ளிப் பிள்ளை பயங்கரவாதி ஆவதும் அதே கணக்குத்தானா? அடுத்த பிப்ரவரியில் அதே இயக்கத்தின் 22 வயது திஷா ரவியைப் பெங்களூரில் பிடித்து டெல்லிக்குக் கொண்டுபோனார்கள். கூகுள் டாக்குமென்ட் ஒன்றைத் திருத்தினார் என்று தேசத்துரோக வழக்கு. பத்து நாள் கழித்து ஜாமீன். காகிதம்கூட வேண்டாம் என்ற அளவுக்குச் சட்டம் முன்னேறிவிட்டது.

அமெரிக்கா சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. 1970இல் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நாலு மாணவர்களைச் சுட்டுக் கொன்ற நாடு அது. ஆனால் அதற்கு அடுத்த ஆண்டு மினசோட்டா, ஓரிகன் மாணவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். ரால்ஃப் நேடர் என்ற வழக்கறிஞர் கொடுத்த யோசனை. கல்லூரிக் கட்டணத்தோடு தலைக்குச் சில டாலர் சேர்த்துக் கட்டினார்கள். அந்தப் பணத்தில் முழுநேரத்துக்கு வழக்கறிஞர்களையும் நிபுணர்களையும் வேலைக்கு வைத்தார்கள். என்ன செய்வது என்று முடிவு செய்வது மாணவர். பிள்ளைகள் பரீட்சைக்குப் போனாலும் வேலை நிற்காது. மாசு, நுகர்வோர் உரிமை, வாடகை வீட்டுப் பிரச்சினை என்று இன்றுவரை பல மாநிலங்களில் நடக்கிறது.

நம் பிள்ளைகளும் பணம் கட்டாமல் இல்லை. கட்டண ரசீதைப் பாருங்கள். நூலகம், விளையாட்டு, ஆண்டு மலர், செஞ்சிலுவை. பல கல்லூரிகளில் சங்கக் கட்டணமும் உண்டு. சங்கம் எங்கே என்று கேட்டால் ரசீதைக் காட்டுவார்கள். நிர்வாகிகள் யார் என்றால், பிரின்சிபால் பார்த்து வைத்த நாலு நல்ல பிள்ளைகள். தேர்தல் நடத்தச் சொல்லி லிங்டோ குழு பரிந்துரைத்து, உச்ச நீதிமன்றம் 2006இல் உத்தரவும் போட்டாயிற்று. வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவு செய்யக் கூடாதாம். அச்சடித்த போஸ்டர் கூடாதாம், கையால் எழுதியதுதான் ஒட்டலாமாம். என்ன ஒழுக்கம்! 2019 செப்டம்பர் 12ஆம் தேதி பள்ளிக்கரணையில், அன்றைய ஆளுங்கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு வைத்த பேனர் ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண்மேல் விழுந்தது. பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. அந்தப் பேனர் கையால் எழுதியதில்லை.

எந்தக் கட்சி என்று கேட்பீர்கள். எந்தக் கட்சி இல்லை? 1965இல் மொழிப்போர் மூண்டபோது காங்கிரஸ் அரசு கல்லூரிகளை மூடியது. மாணவர் கோபத்தின் மேலேறி 1967இல் தி.மு.க. கோட்டைக்குப் போனது. விருதுநகரில் காமராஜரையே தோற்கடித்தவர் பெ.சீனிவாசன் என்ற மாணவர் தலைவர். ஏறிய ஏணியை உதைக்க அதிக நாள் ஆகவில்லை. 1971இல் முதலமைச்சருக்கு டாக்டர் பட்டம் கொடுப்பதை எதிர்த்த அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள்மேல் தடியடி. உதயகுமார் என்ற மாணவர் குளத்தில் பிணமாகக் கிடந்தார். 2013இல் ஈழத் தமிழருக்காக லயோலா மாணவர் எட்டுப் பேர் உண்ணாவிரதம் உட்கார, அது மாநிலம் முழுக்கப் பற்ற, அ.தி.மு.க. அரசு கல்லூரிகளை மூடியது. 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து மாணவர்கள் உட்கார்ந்ததும் சென்னைப் பல்கலைக்கழகம் லீவு விட்டது. மழைக்கு லீவு விட விடிய விடிய வானத்தைப் பார்க்கிற நாடு இது. மாணவர் வாயைத் திறந்தால் அரை மணியில் லீவு. கொடி மாறும், லீவு மாறாது.

சரி, நூம்பலுக்கு வந்துபோகும் அந்தத் தொப்பிப் பிள்ளைகளில் நாலு பேர் நிஜமாகவே பொதுநலத்தில் இறங்கினால் என்ன ஆகும்? அதிக தூரம் போக வேண்டாம். பக்கத்தில்தான் மதுரவாயல். அங்கிருந்து துறைமுகத்துக்குப் பறக்கும் சாலை என்று 2009 ஜனவரியில் பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். 1,815 கோடித் திட்டம். கூவத்துக்குள் தூண்கள் எழுந்தன. ஆற்றின் நீரோட்டத்தைத் தூண் தடுக்கிறது என்று 2012இல் ஜெயலலிதா அரசு வேலையை நிறுத்தியது. மொட்டைத் தூண்கள் பத்து வருஷம் காக்காய்களுக்குப் பயன்பட்டன. 2022 மே மாதம் பிரதமர் மோடி மறுபடி அடிக்கல் நாட்டினார். இப்போது ஐயாயிரம் கோடிக்கு மேல். ஒரே சாலைக்கு இரண்டு பிரதமர்கள், இரண்டு கல்.

2012இல் நீரோட்டத்தைத் தடுத்த தூண் 2022இல் எப்படித் தடுக்காமல் போனது என்று ஒரு மாணவர் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி ஆர்.டி.ஐ. மனு போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று மனுதாரரிடம் காரணம் கேட்கக் கூடாது என்கிறது சட்டத்தின் 6(2) பிரிவு. அதிகாரி கேட்க மாட்டார். கல்லூரிக்கு ஒரு போன் போகும். பிரின்சிபால் கேட்பார். "படிக்கிற வேலையைப் பாரு தம்பி. நாளைக்கு டி.சி. வாங்கணும். அதுல 'நடத்தை'ன்னு ஒரு கட்டம் இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்." அப்பாவுக்கும் போன் போகும். அப்பா லோன் வாங்கிச் சேர்த்தவர். மனு அதோடு முடிந்தது. கூவத்தில் தூணை நட்டு நிறுத்திவிட்டுப் போனவர்களில் ஒருவரிடமாவது இதுவரை யாரும் நடத்தைச் சான்றிதழ் கேட்டதில்லை.