கமிட் மெசேஜின் சட்டகர்த்தா

தாம் செய்த வேலையைப் பற்றித் தாமே ஒரு வரி எழுத மனம் வராமல், ஆனால் அந்த ஒரு வரியை இயந்திரம் எவ்விதம் எழுத வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதச் சற்றும் சலியாத ஒரு பிரகிருதி, சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் வரிசையாக நிற்கும் கண்ணாடிக் கட்டடங்களில் தளத்துக்கு ஒருவராவது இப்போது அகப்படுவார். நம் நண்பர் அவர்களில் ஒருவர். நல்ல மனிதர்; புரோகிராம் எழுதுவதில் கெட்டிக்காரர்; ஒரு டீமுக்கு லீட். காலையில் வந்து காபியை மேஜைமேல் வைத்தவுடன் அவர் முதலில் திறப்பது முந்தைய நாள் அரைகுறையாக நின்ற புரோகிராமை அல்ல. கமிட் மெசேஜ் விதிகள் அடங்கிய கோப்பைத்தான்.

கமிட் மெசேஜ் என்பது, இத்துறையைச் சாராத வாசகர்களின் பொருட்டுச் சொல்கிறேன், புரோகிராமில் ஒரு மாறுதலைச் செய்து அதைப் பதிவேட்டில் ஏற்றுகிறபோது கூடவே எழுதி வைக்கும் சிறு குறிப்பு. அந்தப் பதிவேட்டைப் பராமரிக்கும் கிட் என்னும் கருவியை லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஆக்கினார். குறிப்பை வெறுமையாக விட்டால் கிட் சாதாரணமாகப் பதிய மறுத்துவிடும். எழுதியதில் அர்த்தம் உண்டா என்று மட்டும் பார்க்காது. டோர்வால்ட்ஸ் தம் கருவியின் முதல் பதிவுக்கு எழுதிய குறிப்பிலேயே அதை நரகத்திலிருந்து வந்த தகவல் நிர்வாகி என்று வருணித்திருக்கிறார். கர்த்தாவே இவ்வளவு உல்லாசமாக இருந்துவிட்டபடியால், பின்வந்தவர்கள் தாராளமாக நடந்துகொண்டதில் ஆச்சரியமில்லை. நம் நண்பரும் பூர்வாசிரமத்தில் ‘ஃபிக்ஸ்’ என்று எழுதி, அரைமணி கழித்து ‘ஃபிக்ஸ் அகெய்ன்’ என்றும், விளக்கணைக்கும் வேளையில் ‘ஃபைனல் ஃபிக்ஸ்’ என்றும், மறுநாள் காலை ‘ஃபைனல் ஃபிக்ஸ் 2’ என்றும் எழுதியவர்தாம். வெள்ளிக்கிழமை மாலைகளில், விரல் விழுந்த இடத்து எழுத்துக்களையே குறிப்பாக்கிவிட்டுக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடியதும் உண்டு.

இந்த நிலையில் ஏஐ வந்தது. விஎஸ் கோடு எடிட்டரில், குறிப்பு எழுதும் பெட்டியின் வலது ஓரத்தில் மின்னும் நட்சத்திரம் போன்ற ஒரு குறி இருக்கிறது. அதை அழுத்தினால், செய்த மாறுதல்களை இயந்திரமே வாசித்துக் குறிப்பையும் எழுதித் தந்துவிடும். வேறொருவராயிருந்தால் தொல்லை விட்டது என்று வேலையைப் பார்த்திருப்பார். நண்பருக்கு அது எழுதித் தந்த முதல் குறிப்பு, ‘ஃபிக்ஸ் அகெய்ன்’ என்பதைக் காட்டிலும் எவ்வளவோ மேலானதுதான். ஆயினும் தலைப்பு வரியின் கடைசியில் ஒரு முற்றுப்புள்ளி இருந்தது. அந்தப் புள்ளியிலிருந்துதான் எல்லாம் ஆரம்பமாயிற்று. எடிட்டரின் செட்டிங்ஸில், நான்கு புள்ளிகளால் கோத்த ஒரு நீண்ட நாமதேயத்தின் கீழ், குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்ற நம் இஷ்டத்தைச் சாதாரண வாக்கியங்களாகவே எழுதி வைக்கலாம் என்றும், வாக்கியங்கள் மிகுந்தால் தனிக் கோப்பில் எழுதி அந்தக் கோப்பைச் சுட்டிவிடலாம் என்றும் அவர் கண்டுகொண்ட அன்றே, அந்த மனிதர் புரோகிராமர் பதவியிலிருந்து மானசீகமாக ராஜினாமாச் செய்து சட்டகர்த்தாவாகிவிட்டார்.

தலைப்பு 50 எழுத்துக்கு மிகாதிருத்தல் வேண்டும்; கீழே வரும் விளக்கம் வரிக்கு 72 எழுத்து. இவை அவருடைய கற்பனையல்ல. டிம் போப் என்ற புரோகிராமர் 2008-இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையால் பிரசித்தி பெற்ற அளவுகள். 80 எழுத்து அகலமுள்ள டெர்மினலில் கிட் இடப்புறம் 4 இடம் விட்டுக் காட்டுகிறது, வலப்புறமும் சமமாக 4 விட்டால் எஞ்சுவது 72 என்ற கணக்கை, கேட்டவருக்கும் கேளாதவருக்கும் அவர் ஒரே சிரத்தையுடன் விளக்குவார். கேட்டுக்கொண்டு நிற்பவருடைய மானிட்டரோ இரண்டு முழ அகலம் இருக்கும். கிட்டை உருவாக்குவோர் சம்பிரதாயப்படி, ‘மாற்றினேன்’ என்று எழுதலாகாது, புரோகிராமுக்கு ஆக்ஞையிடும் பாவனையில் ‘மாற்று’ என்றே எழுத வேண்டும். புதிய வசதியானால் முன்னால் ‘ஃபீட்’, பிழை நீக்கமானால் ‘ஃபிக்ஸ்’, ஆவணமானால் ‘டாக்ஸ்’, எதிலும் சேராத சில்லறைக் காரியங்களுக்குச் ‘சோர்’. இவ்வளவும் நியாயமான விதிகளே, நானும் ஒப்புகிறேன். ஆனால் சட்டம் இயற்றும் ருசி கண்டவர் அத்துடன் நிற்பாரா? ‘விரிவான’, ‘நேர்த்தியான’ முதலிய அடைமொழிகளுக்குத் தடை விதித்தார். பொம்மைப் படங்களுக்குத் தடை விதித்தார். விதிகள் பெருகப் பெருக, இயந்திரம் முன்னதைப் பிடித்தால் பின்னதை நழுவவிட்டது. ஆகவே ‘மேற்கண்ட விதிகளை மறவாதே’ என்று ஒரு விதியும், சில நாள் கழித்து ‘இந்த விதியையும் மறவாதே’ என்று இன்னொரு விதியும் சேர்ந்தன. டீமில் உள்ளவர்களிடம் ‘இன்னிக்கே முடிச்சிடு’ என்பதற்குமேல் வார்த்தை செலவழித்தறியாத மனிதர், அந்தக் கோப்பில் மூன்று இடங்களில் ‘தயவுசெய்து’ என்று எழுதியிருப்பதை நானே பார்த்தேன். அவர் இயற்றியவற்றுள் மிகச் சிறந்த வசனம் அந்தக் கோப்புத்தான் என்பது என் அபிப்பிராயம்.

விபரீதம் விளைந்தது, ‘என்ன மாறியது என்று மட்டும் எழுதாதே, ஏன் மாறியது என்றும் எழுது’ என்ற உத்தமமான விதியால். மாறுதல் இயந்திரத்தின் கண்ணுக்குத் தெரியும். காரணமோ நண்பரின் மண்டைக்குள் இருக்கிறது. ஒரு சமயம் அவர் டைம்அவுட் என்னும் காத்திருப்பு நேரத்தை 10 விநாடியிலிருந்து 30 ஆக்கி, நட்சத்திரத்தை அழுத்தினார். விதிக்குக் கட்டுப்பட்ட இயந்திரம், நம்பகத்தன்மையை உயர்த்தும் பொருட்டு என்று 50 எழுத்துக்குள், முற்றுப்புள்ளியில்லாமல், ஒரு காரணத்தைச் சிருஷ்டித்தது. அதன் அங்கலட்சணத்தில் மயங்கி அவர் அப்படியே பதிந்துவிட்டார். மாதங்கள் சென்றன. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், கிட் ப்ளேம் போட்டு அந்த வரி யாருடையது என்று பார்த்துக்கொண்டு வந்து நின்றாள்.

“அண்ணா, இந்த டைம்அவுட்டை ஏன் முப்பது செகண்ட் ஆக்கினீங்க?”

“கமிட் மெசேஜ்லயே இருக்குமேம்மா, பார்க்கலையா?”

“பார்த்தேன் அண்ணா. நம்பகத்தன்மைக்குன்னு போட்டிருக்கு. அப்ப அறுபது ஆக்கினா இன்னும் நல்லதுதானேன்னு...”

“ஐயையோ, தொட்டுடாதே!” என்று பதறி எழுந்தார் நண்பர். எதிர்த்தரப்பின் டெஸ்ட் சர்வர் சிறிது நேரம் சும்மா இருந்தால் உறங்கிவிடும் என்பதையும், முதல் அழைப்புக்கு அது கண்விழிக்கவே இருபது விநாடிக்குமேல் பிடிக்கும் என்பதையும், அதற்காகத் தற்காலிகமாகச் செய்த மாறுதலைத் திரும்பப் பழையபடி ஆக்க மறந்துபோனதையும், ஆறிப்போன காபியைக் கையில் பிடித்தபடி கால்மணி நேரம் சொன்னார். அவ்வளவு தெளிவாக அவர் எதையும் சொல்லி நான் கேட்டதில்லை.

“இதையே அன்னிக்கு ரெண்டு வரியா மெசேஜ்ல எழுதியிருக்கலாமே, அண்ணா.”

நண்பர் திடுக்கிட்டார். சிறிது நேரம் ஆழ்ந்த யோசனையிலிருந்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விதிக் கோப்பைத் திறந்து, ‘காரணம் தெரியாத இடத்தில் காரணம் கற்பிக்காதே, தயவுசெய்து’ என்று சேர்த்தார். கோப்பைச் சேமித்து, அந்த மாறுதலைப் பதியும்பொருட்டு நட்சத்திரத்தை அழுத்தினார். ‘டாக்ஸ்: கமிட் மெசேஜ் விதிகளைப் புதுப்பி’ என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது, காரணம் எதுவும் அதில் இல்லை.

“இது எப்படி டாக்ஸ் ஆகும்? சோர் இல்லையோ?” என்றார் நண்பர், அந்தப் பெண் போய்விட்டதைக் கவனியாமலே, மறுபடியும் கோப்பைத் திறந்தபடி.