ராஜாவின் காரும் தள்ளுவதற்கு நாலு பேரும்

பழைய காருக்கும் விண்டேஜ் காருக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் உரிமையாளரின் வங்கிக் கணக்கில்தான் இருக்கிறது. இருந்தாலும் இலக்கணம் என்று ஒன்று உண்டு. 1934-இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட விண்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப், 1930-ஆம் ஆண்டு முடிவதற்குள் செய்த வண்டிதான் விண்டேஜ் என்று கோடு கிழித்தது. அதற்குப் பின் வந்ததெல்லாம் தரம் கெட்டவை என்பது அந்தக் கிளப்காரர்களின் எண்ணம். இந்திய அரசு அவ்வளவு கறார் காட்டவில்லை. 2021-இல் வந்த மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி, முதல் பதிவாகி 50 ஆண்டு தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் அசல் உருவில் இருந்தால் போதும். அந்தக் கணக்கில் ஊர்க்கோடியில் கோழி அடையும் 1970 மாடல் அம்பாசடரும் விண்டேஜ்தான். கோழிக்குத்தான் இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை.

ஆடம்பர விண்டேஜ் என்பது வேறு ஜாதி. அந்தக் காலத்தில் ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி முழுக் காரை விற்றதில்லை. இன்ஜின், சேசிஸ், ரேடியேட்டர், இவ்வளவுதான் அவர்கள் பொறுப்பு. மேலே கட்ட வேண்டிய பாடியை ஹூப்பர், பார்க்கர் போன்ற பாடி கட்டும் கம்பெனிகளிடம் கொடுத்துச் செய்துகொள்ள வேண்டும். துணியை ஒரு கடையில் எடுத்து, தையலுக்கு வேறு ஆளிடம் கொடுக்கிற மாதிரி. வாடிக்கையாளர் கேட்டதைக் கட்டிக் கொடுப்பார்கள். கேட்பவருக்குப் பணமும் இருந்து கற்பனையும் இருந்துவிட்டால் விபரீதம்தான்.

1910-இல் கல்கத்தாவில் இருந்த ராபர்ட் மாத்யூசன் என்ற வெள்ளைக்காரருக்கு இரண்டும் இருந்தன. இங்கிலாந்தின் புரூக் கம்பெனியில் அன்னப்பறவை வடிவத்தில் கார் செய்யச் சொன்னார். செய்தார்கள். கழுத்தை உயர்த்திய அன்னம். அலகைத் திறந்தால் சீறிக்கொண்டு நீராவி வரும், எதிரே நிற்கிற கூட்டம் விலகும். இரவில் கண்கள் ஒளிரும். பின்பக்கம் ஒரு வால்வைத் திறந்தால் வெள்ளைச் சுண்ணாம்புக் குழம்பு ரோட்டில் விழும்; பறவை என்றால் அதுவும் வேண்டுமல்லவா? வண்டி தெருவில் இறங்கியதும் ஏற்பட்ட கலவரத்தில் போலீசார் தடை போட்டார்கள். பிறகு நாபா மகாராஜா அதை வாங்கிக்கொண்டார். இப்போது நெதர்லாந்தில் லூவ்மன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அன்னம் பாலையும் நீரையும் பிரிக்கும் என்பார்கள். இந்த அன்னம் சொந்தக்காரரையும் காசையும் பிரித்தது.

ராஜாக்களை நம்பிக் கார் செய்வதிலும் ஆபத்து உண்டு. எட்டோரே புகாட்டி, மன்னர்கள் மட்டுமே ஏறத்தக்கது என்று 'ராயல்' மாடலைச் செய்தார். 12.7 லிட்டர் இன்ஜின், ஆறு மீட்டருக்கு மேல் நீளம், ரேடியேட்டர் மூடியில் நின்றுகொண்டு தும்பிக்கை தூக்கும் யானை. அந்த நேரம் பார்த்து உலகப் பொருளாதாரம் படுத்துவிட்டது. மூன்றே மூன்றுதான் விலைபோயின. ஒன்றைக்கூட எந்த அரசரும் வாங்கவில்லை. வாங்கிய மூவரில் ஒருவர் ஆயத்த ஆடை வியாபாரி அர்மான் எஸ்டர்ஸ். தான் ராத்திரியில் வண்டி ஓட்டுவதில்லை, ஆகவே ஹெட்லைட் வேண்டாம் என்று சொல்லி, விளக்கில்லாத காரை வாங்கிப் போனார். மிச்சமிருந்த இன்ஜின்களைப் பிரெஞ்சு ரயில் பெட்டிகளில் பூட்டி ஓட்டினார்கள். மன்னர்களுக்கென்று நினைத்த இன்ஜினில் ரயில் பயணி போனார். அந்த இன்ஜின் பிறவிப் பயன் அடைந்தது அங்கேதான்.

இத்தகைய வண்டியைச் சொந்தமாக்கிக்கொள்வது என்பது நடைமுறையில் அதனிடம் வேலைக்குச் சேர்வது. முதல் பாடம் கட்டைவிரல் பற்றியது. 1912 மாடல் காடிலாக்கில் எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் வருவதற்கு முன்பு முன்பக்கம் ஹாண்டில் போட்டுச் சுற்றித்தான் வண்டியைக் கிளப்ப வேண்டும். சுற்றுவதற்கு முன் ஸ்டீயரிங்கில் இருக்கும் சின்ன நெம்புகோலைத் தள்ளி, தீப்பொறி தாமதமாக விழும்படி வைக்க வேண்டும். ஹாண்டிலை நாலு விரலால் மட்டும் கோக்க வேண்டும். கட்டைவிரலும் அந்த நாலோடு ஒரே பக்கம் இருக்க வேண்டும், எதிர்ப்பக்கம் வளைத்துப் பிடிக்கக் கூடாது. கீழிருந்து மேலே இழுக்கலாம். மேலிருந்து கீழே அழுத்தக் கூடாது. பொறி முந்திவிட்டால் ஹாண்டில் திருப்பி உதைக்கும். விதியை மறந்தவருக்கு வண்டி கிளம்புவதில்லை, புத்தூர்க் கட்டுக்குத்தான் கிளம்ப வேண்டியிருக்கும்.

கிளம்பிய பிறகும் நிம்மதி இல்லை. கியர் மாற்ற ஒவ்வொரு தடவையும் கிளட்சை இரண்டு முறை மிதிக்க வேண்டும். சில பழைய பென்ட்லிகளில் ஆக்சிலரேட்டர் நடுவில், பிரேக் வலது ஓரத்தில். அவசரத்தில் பழக்கதோஷமாகக் காலை வைத்தால் எது நடக்கக் கூடாதோ அதுவே இரட்டை வேகத்தில் நடக்கும். இன்ஜின் எத்தனை குதிரைச் சக்தி என்று கேட்டால் ரோல்ஸ் ராய்ஸ்காரர்கள் நெடுங்காலம் 'போதுமானது' என்று மட்டும் சொல்லிவந்தார்கள். அது வெறும் வீம்பு அல்ல. 1907-இல் சில்வர் கோஸ்ட் கார் 15,000 மைல் ஓடிய சோதனையின் முடிவில், அதைப் பிரித்துப் பார்த்துத் தேய்ந்த பாகங்களை மாற்றிப் புதுசாக்க ஆன செலவு இரண்டு பவுண்டுக்குச் சற்று மேல்தான். இன்றைக்கு அந்தக் காசுக்கு அதே காரின் ஒரு நட்டுகூட வராது. நட்டு எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கும் போன் செலவுக்கே பற்றாது.

செப்பனிடுதல் அங்கிருந்துதான் தொடங்குகிறது. பாடியின் உள்ளே இருப்பது மரச்சட்டம். அது உளுத்துப்போனால் ஆசாரியைத்தான் கூப்பிட வேண்டும், மெக்கானிக்கை அல்ல. பேரிங்குகளுக்கு வெள்ளை உலோகத்தை உருக்கி ஊற்றி, தண்டின் அளவுக்குச் சுரண்டிச் சேர்க்க வேண்டும். அது தெரிந்த கைகள் அருகிவிட்டன. புதுப்பேட்டையில் உலகத்து வண்டிகளின் பாகமெல்லாம் கிடைக்கும் என்று சென்னைக்காரர்கள் சத்தியம் செய்வார்கள். 1926 மாடலின் மேக்னெட்டோவைக் கேட்டால் அங்கேயும் டீ மட்டும்தான் வாங்கிக் கொடுப்பார்கள். கடைசியில் லேத் பட்டறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கடைய வேண்டியதுதான். எல்லாம் முடிந்து ஓடத் தொடங்கியதும், எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் அந்தக் காலத்து ரப்பர் குழாய்களை அரித்துவைக்கும். திரும்பவும் முதலிலிருந்து.

ஆனாலும் குப்பையிலிருந்து மீண்ட கதைகள் இந்த ஆசையை வளர்த்துக்கொண்டே இருக்கின்றன. விலைபோன மூன்று புகாட்டி ராயல்களில் ஒன்றை ஜெர்மனியின் பிரசவ மருத்துவர் யோசப் ஃபுக்ஸ் வாங்கியிருந்தார். அவரோடு ஷாங்காய் போய், பிறகு நியூயார்க் வந்து சேர்ந்த அந்தக் கார், குளிர்காலத்தில் உள்ளே தண்ணீர் உறைந்து இன்ஜின் வெடித்து, கண்டம் பண்ணும் கடைக்குப் போயிற்று. ஜெனரல் மோட்டார்ஸ் இன்ஜினியர் சார்லஸ் செய்ன் 1940-களில் அதைக் கண்டெடுத்துப் பிழைக்கவைத்தார். கறுப்பு வண்டி வெள்ளையாயிற்று. ஒற்றைக் கார்புரேட்டர் இருந்த இடத்தில் நான்கு உட்கார்ந்தன. இப்போது அது அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இவ்வளவும் மாற்றினால் அது பழைய கார்தானா? இந்தக் கேள்வி ஒருமுறை கோர்ட்டுக்கே போனது. 1929, 1930 இரண்டு ஆண்டும் லெ மான் பந்தயத்தை வென்ற பென்ட்லிக்கு 'ஓல்ட் நம்பர் ஒன்' என்று பெயர். அதைச் செப்பனிட்டவர் ஒரு கோடி பவுண்டுக்கு விலைபேசினார். வாங்க ஒப்புக்கொண்டவர்கள், இதில் பந்தயத்தில் ஓடிய சாமான் என்ன மிச்சம் இருக்கிறது என்று பின்வாங்கினார்கள். லண்டனில் நீதிபதி ஆட்டன் 1990-இல் தீர்ப்புச் சொன்னார்: 1929-இல் ஓடிய சாமான் அநேகமாக ஒன்றும் இல்லைதான், ஆனாலும் வண்டியின் வரலாறு நடுவில் அறுபடவில்லை, ஒன்று போய் இன்னொன்று வந்து அதுவாகவே தொடர்ந்திருக்கிறது, ஆகவே இதுதான் ஓல்ட் நம்பர் ஒன். விலையைக் கொடுக்க வேண்டியதாயிற்று. சரியான தீர்ப்பு. பல் கட்டி, முட்டி மாற்றி, கண்புரை எடுத்த தாத்தாவை யாரும் புதுத் தாத்தா என்பதில்லை.

ரசிப்பதில் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்குக் கார் கண்ணாடி மாதிரி மின்ன வேண்டும்; கம்பெனியை விட்டு வந்த நாளில்கூட அப்படி மின்னியிருக்காது. இன்னொரு கட்சிக்கு உரிந்த பெயின்ட்டும் கிழிந்த தோலும்தான் அழகு. 1950 முதல் கலிபோர்னியாவின் பெப்பிள் பீச்சில் நடக்கும் அழகுப் போட்டி இரண்டு கட்சிக்கும் இடம் கொடுக்கிறது. அங்கே ஒரு நல்ல வழக்கம் உண்டு: ஒரே பிரிவில் இரண்டு கார் சம மதிப்பெண் பெற்றால், போட்டிக்கு முன் நடக்கும் ரோடு ஊர்வலத்தை ஓடி முடித்த காருக்கே பரிசு. லாரியில் வந்து இறங்கி, துணியால் துடைத்துக்கொண்டு நிற்கும் வண்டியை விட ஓடுகிற வண்டி உசத்தி என்று அங்கேயும் தெரிந்திருக்கிறது.

இந்திய விதியில் விண்டேஜ் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டு, எண்ணில் 'வி.ஏ.' என்று இருக்கும். அன்றாடம் ஓட்டக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது. கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்கு மட்டும் ரோட்டில் வரலாம். பழுது பார்க்க அனுமதி இருப்பதால் உரிமையாளர்களுக்கு இந்த விதியால் ஒரு கஷ்டமும் இல்லை. ஆகவே கிழக்குக் கடற்கரைச் சாலையில் நின்றுபோன பழைய காரைக் கண்டால் "மைலேஜ் எவ்வளவு சார்?" என்று கேட்க வேண்டாம். பின்னால் போய் ஒரு கை கொடுங்கள். மட்கார்டில் கை வைக்காதீர்கள், அது தகரம். ஸ்பேர் வீலைப் பிடித்துத் தள்ளுங்கள்.