நின்று செல்லும் வேகம்

பூசலார் நாயனார் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டிய ஊர் திருநின்றவூர். அங்கே மனத்துக்குள்ளேயே ரேஸ் ஓட்டும் பிக்கப் ஓனர் ஒருவர் இருப்பதில் வியப்பில்லை.

கத்திரிக்காய் மூட்டைக்கு வேகம் முக்கியம். எனவே கம்பெனி ஏர் ஃபில்டரைக் கழற்றிக் கடாசிவிட்டு, எண்ணெய் ஊறிய கூம்பு ஃபில்டர் மாட்டினார். எண்ணெய் போய்க் காற்றளக்கும் சென்சாரில் படிந்தது, பாசம்தானே! அடுத்து பவர் சிப். டீசல் அழுத்தம் குறைவு என்று வண்டியின் கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லி, அழுத்தத்தை ஏற்ற வைக்கும் பெட்டி அது. எவ்வளவு நாள்தான் கம்ப்யூட்டர் நம்பும்? அழுத்தம் எல்லை தாண்டியதும், சிடிஎச் ரோட்டில் பஸ்ஸுக்கு முன்னால் எஞ்சினைப் பொசுக்கென்று அணைத்துவிட்டது. பின்னால் ஹாரன் கச்சேரி.

மெக்கானிக் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார். "எல்லாத்தையும் ஒண்ணொண்ணா கழட்டிப் பார்க்கணும் தலைவரே."

"கழட்டறதா? இன்னொரு சிப் போட்டா சரியாகாதாண்ணா?"

அறிவியல் மனப்பான்மை என்றால் இதுதான். ஆனாலும் மெக்கானிக் சிப்பைக் கழற்றினார். சென்சாரைத் துடைத்தார், கம்பெனி ஃபில்டரையே மாட்டினார். வண்டி ஆவடி வரை நிற்காமல் போய் வந்தது.

ஓனர் முகம் வாடிவிட்டது. "சத்தமே வரலையே, யாரு திரும்பிப் பார்ப்பாங்க?" மறுநாளே புது சைலன்சருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்.

இந்தக் கலைக்கு அரசு ஆதரவும் உண்டு. 2019-இல் வந்த திருத்தத்தின்படி, மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை ஜெயில். இரண்டும் சேர்ந்தே கிடைக்கலாம்.