மாப்ள, கண்ணு எங்கிட்டு இருக்கு?

தக்காளி கிலோவுக்கு ரெண்டு ரூபா கொறச்சல்னு திருப்பாலையில இருந்து மாட்டுத்தாவணி மார்க்கெட்டு வரைக்கும் வண்டிய விட்டீகளாமே மாப்ள? பேத்தி சொன்னா. மூணு கிலோ வாங்கி ஆறு ரூபா மிச்சம் பண்ணிட்டு வந்தீகளாம். பொண்ணு குடுத்த எடம் தப்பாப் போகலன்னு எனக்கு நெஞ்சு குளுந்துருச்சு. போக வர 12 கிலோமீட்டரு. பெட்ரோல் லிட்டரு 100 ரூபாயத் தாண்டி நிக்கிது. உங்க வண்டி லிட்டருக்கு 50 ஓடுனாலும் 24 ரூபா பொகையாப் போயிருச்சு. குத்தமாச் சொல்லல மாப்ள. நான் அஞ்சாப்புக்கு மேல படிக்கல, நீங்க எஞ்சினியரு. என் கணக்குல எங்கயாச்சும் தப்பு இருந்தா நீங்கதான் சொல்லணும்.

அப்புறம் அந்த செல்லு. நாலு கம்பெனி ஆப்பையும் தொறந்து வச்சுக்கிட்டு, இதுல வெங்காயம் என்ன வெலை, அதுல என்ன வெலைன்னு தேய்ச்சுக்கிட்டே இருக்கீக. வெங்காயத்துல மூணு ரூபாயக் கொறச்சவன், கொண்டாந்து குடுக்க ஒரு கூலி, பையில போட ஒரு கூலின்னு கீழ பொடி எழுத்துல போட்டு வச்சிருக்கான். அதோட விட்டானா? ‘இன்னும் 60 ரூபாய்க்கு வாங்குனா கூலி கெடையாது’ங்கிறான். உங்களுக்கு ரோசம் வந்து, 25 ரூபா கூலிய மிச்சம் பண்ண 60 ரூபாய்க்குச் சிப்ஸு வாங்குறீக. அவனுக்கு எம்புட்டு நஷ்டமாகியிருக்கும், பாவம்!

யாவாரம்னா என்னன்னு நெனச்சீக? உங்க கண்ணு எங்கிட்டுப் போகுதுன்னு பாத்துக்கிட்டு, இங்கிட்டுக் கைய வைக்கிறதுதான். நீங்க வெலையத்தான் பாக்குறீகன்னு அவனுக்கு நல்லாத் தெரியும். வெலையத் தொடவே மாட்டான். எடையில கைய வைப்பான்.

எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்ல கடையில வீசை, பலம்னுதான் நிறுத்தாக. வீசைக்கு 40 பலம், இப்பத்தைய கணக்குக்கு 1400 கிராம் கிட்ட வரும். 1962ல அதையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு இனிமே கிலோதான்னு சர்க்கார்ல கட்டாயமாக்கிட்டாக. எங்க ஊர்க் கடைக்காரரு என்ன செஞ்சாரு? வீசைக்கு என்ன வெலை சொன்னாரோ அதையே கிலோவுக்கும் சொன்னாரு. ‘ஒரு பைசா ஏத்தலண்ணே’ன்னு சத்தியம் வேற பண்ணாரு. சத்தியத்துல என்ன பொய் இருக்கு? எங்க ஐயாகூட அந்தாள நாணயஸ்தன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத்தான் திரிஞ்சாரு.

அந்தக் கடைக்காரரு போய்ச் சேந்துட்டாரு. தொழில் மட்டும் நல்லாப் படிச்ச பயக கைக்கு வந்துருச்சு. பத்து ரூபா பிஸ்கட்டு எத்தன வருசமாப் பத்து ரூபாயாவே இருக்கு, பாத்தீகளா? உள்ள இருக்கிற பிஸ்கட்டு மட்டும் வருசா வருசம் மெலியுது. அத விடுங்க, பிள்ளைக தின்கிறது. எண்ணெய்ப் பாக்கெட்ட எடுத்துக்கங்க. ஒரு லிட்டரு எண்ணெய நிறுத்தா 910 கிராம் கிட்ட வரும். பக்கத்துலயே அதே அகலம், அதே ஒசரத்துல இன்னொரு பாக்கெட்டு இருக்கும், அதுல 850 கிராம்னு போட்டிருக்கும். 910 கிராம் 148 ரூபா, 850 கிராம் 140 ரூபான்னு வச்சுக்கங்க. உங்க கை எங்கிட்டுப் போகும்? 140க்குத்தான். எட்டு ரூபா லாபம்னு பேத்திகிட்ட வந்து பீத்துவீக. கிலோவுக்குக் கணக்குப் போட்டா 148 ரூபாக்காரன் 162 ரூபா 60 காசு வாங்குறான், 140 ரூபாக்காரன் 164 ரூபா 70 காசு வாங்குறான். எது மாப்ள மலிவு?

கணக்குப் போடச் சோம்பலா இருந்தா அதுக்கும் வழி இருக்கு. கிராமுக்கு என்ன வெலை, மில்லிக்கு என்ன வெலைன்னு பாக்கெட்டுலயே அச்சடிக்கணும்னு சட்டம் போட்டிருக்காக. அடிச்சுத்தான் இருக்கும். எறும்பு ஊர்ற அளவு எழுத்துல, மடிப்புக்குள்ள, தேதி பக்கத்துல. அந்த செல்லுல படம் புடிச்சுப் பெருசாக்கிப் பாருங்க. அந்தக் கருவி வாங்குன காசுக்கு அந்த ஒரு பிரயோசனமாச்சும் இருக்கட்டும்.

துவரம்பருப்புப் பாக்கெட்டுல போட்டிருக்கிற உச்ச வெலையில இருந்து 60 ரூபா தள்ளுபடின்னு பெரிய கடையில தோரணம் கட்டியிருப்பான். அந்த வெலைக்கு மேல விக்கக் கூடாது, அம்புட்டுத்தான். கீழ எம்புட்டுக்கு வேணாலும் விக்கலாம். நம்ம தெருமுக்குக் கடையில சாக்கப் பிரிச்சு நிறுத்துக் குடுக்கிற துவரம்பருப்பு, அந்தத் தள்ளுபடி போக உள்ள வெலைக்கே வருசம் பூராம் கெடைக்கும். அவரு தோரணம் கட்டல, அதனால உங்க கண்ணுக்குத் தெரியல.

அரிசி மூட்டை வாங்குனீகளே, அதுல 26 கிலோன்னு போட்டிருந்துச்சா? ஒரு கிலோ சும்மா குடுத்தான்னு நெனச்சுப் புளகாங்கிதப்பட்டிருப்பீக. 2022 ஜூலையில, 25 கிலோ வரைக்கும் பாக்கெட்டுப் போட்டு லேபிள் ஒட்டி விக்கிற அரிசிக்கு அஞ்சு சதவீதம் ஜிஎஸ்டின்னு வந்துச்சு. மில்லுக்காரரு ஒரு கிலோவக் கூடப் போட்டு, சாக்க மாத்தித் தைச்சு, வரிக்கு வெளிய குதிச்சுட்டாரு. அதுல உங்களுக்கும் லாபம் உண்டு, இல்லன்னு சொல்லல. ஆனா ஒரு கடையில 26 கிலோ மூட்டை வெலையையும் இன்னொரு கடையில 25 கிலோ மூட்டை வெலையையும் எதிரெதிர வச்சு ஒப்பிட்டு, ‘தாத்தா, இந்தக் கடைக்காரன் கொள்ளையடிக்கிறான்’னு எங்கிட்ட வந்து சொன்னீக பாருங்க, அன்னைக்கு நான் வெத்தலைய மென்னுக்கிட்டு இருந்தேன். இல்லன்னா சிரிச்சிருப்பேன்.

காய்கறிக்கு வருவம். நம்ம மதுரை அண்ணா நகர் உழவர் சந்தை எங்க இருக்குன்னு தெரியுமா? தெரியாது. தமிழ்நாட்டுலயே மொத மொத உழவர் சந்தை அங்கதான் ஆரம்பிச்சாக, 1999 நவம்பர் 14ல, கலைஞர் ஆட்சியில. சம்சாரியே கொண்டாந்து சம்சாரியே விக்கணும், நடுவுல தரகன் வரக் கூடாதுங்கிறது ஏற்பாடு. அன்னன்னைக்கு வெலைய அதிகாரிக வச்சுப் பலகையில எழுதிப் போட்டுருவாக. கடையில விக்கிறத விடக் கொறச்சலாத்தான் வைப்பாக. உங்க ஆப்பு வந்து பலகையப் பாத்து வெலை போட்டுக்கலாம், அம்புட்டு ஒழுங்கா இருக்கும்.

ஆனா வெள்ளன போகணும் மாப்ள. நீங்க எந்திரிச்சுக் காப்பி குடிச்சு, செல்லப் பாத்து, குளிச்சுக் கெளம்புறதுக்குள்ள சம்சாரி வித்துட்டு ஊர் போய்ச் சேந்து வயக்காட்டுல எறங்கியிருப்பான். மிச்சம் கெடக்கிறத வெலை கொறச்சுத் தள்ளுவாக. அந்த நேரத்துலயும் போகலாம், தக்காளி நசுங்குனா என்ன, சட்னியில முழுசாவா போடப் போறீக? வெண்டைக்காய மட்டும் அந்நேரம் தொடாதீக. நுனியப் புடிச்சு ஒடிச்சா டப்புன்னு ஒடியணும். வளைஞ்சு குடுத்துச்சுன்னா நேத்தைய காயி. எல்லாக் காயையும் ஒடிச்சுப் பாக்காதீக, அடி விழுந்தா நான் வர மாட்டேன்.

இன்னொண்ணு. அங்கயும் எல்லாரும் சம்சாரின்னு நம்பீராதீக. அட்டை கழுத்துல தொங்கும், அதப் பாக்காதீக, முன்னால கெடக்கிற காயப் பாருங்க. மேலூர்ப் பக்கத்து ஆளுகிட்ட கத்திரிக்கா இருக்கும், வெண்டைக்கா இருக்கும், மிஞ்சுனா நாலு சொரைக்கா கெடக்கும். அவரே கேரட்டு, பீட்ரூட்டு, முட்டைக்கோசுன்னு பத்து வகைய அடுக்கியிருந்தா, ‘அண்ணே, மேலூர்ல எந்த மலையில போட்டீக?’ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. கொடைக்கானல்காரருன்னா சரி, சிரிச்சுட்டுப் பதில் சொல்வாரு. இல்லன்னாலும் சிரிப்பாரு, அது வேற சிரிப்பு.

சந்தையில கூறு கட்டி விப்பாக. கூறு 20 ரூபான்னா தராசு கெடையாது, கண்ணுதான் தராசு. முன் வரிசையில இருக்கிற நாலும் மாப்பிள்ளை மாதிரி பளபளன்னு இருக்கும், பின்னால இருக்கிறது பூராம் கூட வந்த சொந்தக்காரக. சுத்தி வந்து பின்பக்கம் பாத்துட்டு வாங்குங்க.

கீரைக்காரம்மாகிட்ட பேரம் பேசுறதுல நீங்க சூரருன்னு கேள்வி. 20 ரூபா கட்டு 15 ரூபாய்க்கு வாங்கிட்டேன்னு பேத்திகிட்ட நிமிந்து நின்னீகளாம். நிக்கலாம், தப்பில்ல. அந்தம்மா உங்க சட்டையப் பாத்ததுமே 15ல அஞ்சக் கூட்டித்தான் ஆரம்பிச்சிருக்கும். உங்களுக்கும் ஜெயிச்ச மாதிரி, அதுக்கும் முதலுக்கு மோசமில்ல. வெலையக் கொறைக்கச் சொல்லாதீக மாப்ள, கொசுறு கேளுங்க. ரெண்டு கொத்துக் கருவேப்பிலை, நாலு தண்டு மல்லித்தழை. வெலையக் கொறைன்னா அந்தம்மாவுக்குக் கோவம் வரும், ‘ஆத்தா, கொசுறு போடு’ன்னா வாஞ்சை வரும். அதே தழையத்தான் ஆப்புக்காரன் பொட்டலம் கட்டி 15 ரூபாய்க்கு உங்க தலையில கட்டுறான்.

எல்லாத்தையும் விட உங்க வீட்டுல தலைகீழா ஒண்ணு நடக்குது. யூடியூப்பப் பாத்து ‘இன்னைக்கு முருங்கைக்கா சாம்பாரு’ன்னு முடிவு பண்ணிட்டு அப்புறம் கடைக்குப் போறீக. அது மார்கழி மாசமா இருக்கும். மழையிலயும் பனியிலயும் பூ உதுந்து, முருங்கைக்காயி தங்கம் மாதிரி ஒண்ணு ஒண்ணா எண்ணி விக்கிற நேரம். அதையே பங்குனி சித்திரையில பாருங்க, வாங்க ஆளில்லாம சடை சடையாத் தொங்கும். நாலு கடை ஏறி எறங்கி மார்கழி முருங்கைக்காயில ரெண்டு ரூபா கொறைக்கிறதுக்கு, அன்னைக்கு அவரைக்காய வாங்கிட்டுப் போயிரலாமே? சந்தையில எது குமிஞ்சு கெடக்கோ அதுதான் அன்னைக்கு வெஞ்சனம். உங்க மாமியா அப்படித்தான் ஆக்குறா. அதத் தின்னுதான் பேத்தி வளந்தா, அவள எந்தக் கொறையும் சொல்லலையே நீங்க.

2023 ஜூலையில தக்காளி 100 ரூபாயத் தாண்டி ஓடுச்சே, ஞாபகம் இருக்கா? சென்னையில ரேசன் கடையில வச்சுக் கிலோ 60 ரூபாய்க்குக் குடுத்தாக. அப்பவும் நீங்க எந்த ஆப்புல 4 ரூபா கொறச்சல்னுதான் பாத்துக்கிட்டு இருந்தீக. நம்ம வீட்டுல ஒரு மாசம் புளிக்கொழம்பு, மோர்க்கொழம்புன்னு ஓடுச்சு, ஒருத்தனும் சாகல.

ரேசன்னு சொன்னதும் மூஞ்சியச் சுளிக்கிறீகளே, எதுக்கு? உங்க கிட்ட இருக்கிறது அரிசி கார்டு. துவரம்பருப்பு கிலோ 30 ரூபா, பாமாயில் லிட்டரு 25 ரூபா. வெளிய அந்தப் பருப்பு அதுக்கு மூணு மடங்குக்கு மேல போகுது. அரிசி 2008ல கிலோ ஒரு ரூபாய்க்கு வந்துச்சு, 2011 ஜூன்ல இருந்து சும்மாவே குடுக்குறாக. ஊர் பூராம் வெலைய ஒப்பிட்டுப் பாத்த மனுசன், இதவிடக் கொறஞ்ச வெலையில எவனாச்சும் விக்கிறானான்னு சொல்லுங்க. வரிசையில நின்னா கௌரவம் கொறையும்னா, இட்லிக்கு ஊறப் போடுங்க, யாருக்குத் தெரியப் போகுது? போன தடவை இங்க வந்தப்ப பூ மாதிரி இருக்குன்னு எட்டு இட்லி உள்ள தள்ளுனீகளே, அது எந்த அரிசின்னு நெனச்சீக?

கீழமாசி வீதிக்கு மொத்தச் சரக்கு வாங்கப் போறேன்னு ஆரம்பிச்சிருக்கீகளாம். நல்லது. மொத்தமா வாங்குனா மலிவுதான், ஆனா வண்டுக்கும் அது மலிவுதான். பத்துக் கிலோ உளுந்த வாங்கி அடுக்களை அலமாரியில அடைச்சு வச்சா, நாலு மாசத்துல ரெண்டு கிலோ அதுக குடும்பத்துக்கு. மொத்தமா வாங்குறதுக்கு மூணு சாமான்தான் லாயக்கு: வத்தல், மல்லி, புளி. அதுவும் எந்த மாசமும் இல்ல. மல்லி தையில அறுப்பாக. வத்தல் மாசி பங்குனியில ராமநாதபுரத்துப் பக்கம் இருந்து முண்டு வத்தலாக் குவியும், 2023ல புவிசார் குறியீடு வாங்குன சரக்கு அது. வத்தல கை நெறைய அள்ளிக் காது பக்கம் வச்சுக் குலுக்குங்க. உள்ள விதை கலகலன்னு சத்தம் போடணும். சத்தம் வரலன்னா ஈரம், நீங்க தண்ணிய நிறுத்து வாங்குறீகன்னு அர்த்தம். வீட்டுக்கு வந்து காயப் போட்டா கிலோவுல நூறு கிராம் வெயிலுக்குப் போயிரும், காசு போனது போனதுதான்.

புளி பங்குனிக்கு வரும். ரெண்டு வெலை சொல்வாக. கொட்டை எடுத்தது ஒரு வெலை, கொட்டையோட ஒரு வெலை. கொட்டைப்புளி வெலையக் கேட்டதும் உங்க கண்ணு விரியும், ‘எடு இருவது கிலோ’ன்னு வாய் போகும். எடையில பாதிக்குக் கொஞ்சம் கொறச்சல் கொட்டையும் நாருமாவே இருக்கும், அதையும் சேத்துக் கணக்குப் போடுங்க. போட்டுப் பாத்தும் கொஞ்சம் லாபந்தான் வரும், வாங்கலாம். ஆனா வெயில்ல காய வச்சு, ஒவ்வொண்ணா நசுக்கிக் கொட்டையத் தட்டி எடுத்து, நார உருவி, உப்புப் போட்டுப் பானையில அமுக்கணும். திண்ணையில ஒக்காந்து ஒரு வாரம் செய்யிற வேலை. எனக்குக் கை நடுங்குது. பேத்திக்குப் பழக்கமில்ல. உங்க மாமியாதான் செய்யணும். வாங்குற அன்னைக்கு அவகிட்ட நீங்களே ஒரு வார்த்தை கேட்டுருங்க மாப்ள. கொட்டையோட வாங்கச் சொன்னது யாருன்னு கேட்டா, ஆப்புல பாத்தேன்னு சொல்லுங்க.